வேலியில் வெட்டிய பொட்டு

சின்னத்தங்கமக்காவைப் பற்றி எழுதுவதென்றால் சண்டையில்தான் தொடங்க வேண்டும். தங்கமான மனுசி, பொறுமைசாலி என்று தொடங்கினால் அக்காவே எழும்பி வந்து, "ஏன் பிள்ளை உந்தப் பொய்?" என்று கேட்பார். பொறுமைக்கும் அவருக்கும் வெகுதூரம். எனக்கும் அப்படித்தான்.

புன்னாலைக்கட்டுவனில் எங்கள் வீட்டு வளவுக்குக் கிழக்கே அடுத்த வளவு அவருடையது. கணவர் மலாயாவில் காலமாகிவிட்டார். ஒரே மகள் நாகேஸ்வரி உடுப்பிட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஊரார் வீடுகளுக்கு நெல் அவித்துக் குற்றிக் கொடுத்தும், ஒரு பசுவை வைத்துப் பால் விற்றும் அக்கா தனியாகச் சீவித்து வந்தார். 1941ஆம் ஆண்டு இரண்டு வளவுக்கும் இடையிலுள்ள வேலியைப் புதிதாக அடைக்கும்போது, வேலி மரமாக நடும் கதிகால்களை எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று நான் சொன்னேன். கதிகால் சரிந்ததற்குத் தான் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நான் ஒன்று சொல்ல அவர் பத்துச் சொன்னார். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.

நின்றது என்றால் நேருக்கு நேர் நின்றது, அவ்வளவுதான். நான் கிணற்றடிக்கு வரும் நேரம் பார்த்து அவர் தன் பசுவோடு கதைப்பார். "லட்சுமி, மாடு எண்டாலும் உனக்கிருக்கிற மரியாதை சில மனிசருக்கு இல்லையடி!" நான் உடனே என் கோழிகளைப் பார்த்து, "அடுத்த வளவைக் கிண்டுற பழக்கம் உங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று சத்தம் போடுவேன். இப்படியே மூன்று வருடம் போயிற்று.

என் கணவர் தம்பிராசா இதில் எதிலும் தலையிட மாட்டார். அவருக்கு இயந்திரம் இருந்தால் போதும். பட்டினத்தில் மோட்டார் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை பழகியவர். சண்டைக்கு முந்திய காலத்தில் அக்காவின் கிணற்றுத் துலாவுக்கு மர அச்சை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி போட்டு, இரண்டு பக்கமும் நட்டு முறுக்கிக் கொடுத்தவரும் இவர்தான். யுத்தம் வந்து, ஊருக்கு வடக்கே விமானத்தளம் அமைத்தபோது அங்கே வேலைக்குச் சேர்ந்தார். விமான எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவது வேலை. வீட்டுக்கு வந்தால் அந்தக் கதைதான்.

திருத்திய விமானத்தை முதலில் ஒருமுறை பறந்து பார்ப்பார்களாம். அப்போது பூட்டியவரையும் சில வேளை ஏற்றிக்கொண்டு போவார்களாம். இவர் மூன்று தரம் ஏறியிருந்தார். நான் வேண்டாம் என்று மன்றாடினேன். "நான் பூட்டினதிலை ஏற நானே பயந்தால் மற்றவன் என்னெண்டு ஏறுவான், ஞானம்?" என்று சிரித்தார். நாலாம் தரம் விழுந்தது.

1944ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை. நான் சோற்றுக்கு உலை வைத்து அரிசி போட்டிருந்தேன். தலைக்கு மேலே விமானச் சத்தம் எங்களுக்குப் பழகிப் போன ஒன்று. அன்றைக்கு அந்தச் சத்தம் இருந்தாற்போல் நின்றது. பிறகு பனங்கூடலுக்கு அப்பால் புகை எழும்பியது. பத்து மணிக்குள், ஏறின இரண்டு பேரும் முடிந்தார்கள் என்று ஊரெல்லாம் கதை வந்துவிட்டது.

வீடு நிறைந்தது. யாரோ என் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாதல்லவா. பெண்கள் வட்டமாக இருந்து ஒப்பாரி வைத்தார்கள். பந்தலுக்கு ஆள் அனுப்பினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னத்தங்கமக்காவும் வந்தார். அது பெரிய காரியமில்லை. கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் வராத பகையாளியும் செத்த வீட்டுக்குச் சொல்லாமல் வருவது எங்கள் ஊர் வழக்கம். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அவர் தோளில் விழுந்து அழுதேன். மூன்று வருடப் பகை எனக்கு அப்போது நினைவில் இல்லை.

பகல் மூன்று மணிக்கு, இவரோடு வேலை செய்யும் நேசையா சைக்கிளில் வந்து குதித்தார். உடுப்பெல்லாம் செம்மண். "அழாதையுங்கோ! அண்ணை உயிரோடை இருக்கிறார்!" என்று வாசற் படலையிலிருந்தே கத்தினார். ஓட்டிய வெள்ளைக்காரப் பொடியன் இறந்துவிட்டான். இவரை வெளியே இழுத்துப் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இடுப்பும் இரண்டு கால்களும் முறிந்துபோயின. ஒரு கிழமை போனால்தான் எதுவும் சொல்லலாம் என்கிறார்கள்.

ஒப்பாரி பாதியில் நின்றது. சந்தோஷப்படுவதா, தொடர்ந்து அழுவதா என்று சனத்துக்குத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழும்பி, முந்தானையை உதறிக்கொண்டு, படலையைக் கடந்து போனார்கள். ஒருவரும் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

செத்த வீட்டிலிருந்து போகும்போது போட்டு வாறன், போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு தரம் அப்படி வர வேண்டி வரக் கூடாது என்பதற்காகச் சொல்லாமல் போவார்கள். அன்றைக்கு அவர்கள் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்யவில்லை. செத்த வீடென்று வந்தார்கள், வந்த மாதிரியே போனார்கள். நாக்குக்குப் பழகிய வழக்கம். ஆனால் அவர் உயிரோடு கிடக்கிறார் என்று கேட்ட பிறகும் ஊர் எங்களைச் செத்த வீடாக எண்ணி விட்டுப் போகிறது என்று பயந்தேன்.

கடைசியாகப் போனவர் அக்கா. செத்த வீடில்லை என்றால் எங்கள் கோபம் பழையபடி இருக்க வேண்டியதுதானே. அவர் படலைவரை போனார். நின்றார். திரும்பி, வீட்டு முன்னாலுள்ள ஒழுங்கை முழுவதும் கேட்க, "பிள்ளை ஞானம், நான் போட்டு வாறன்!" என்றார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"கேட்டதே? போட்டு வாறன் எண்டு சொன்னனான். மறுமொழி சொல்லு."

"ஓம் அக்கா, போட்டு வாங்கோ."

அதைக் கேட்ட பிறகுதான் போனார். நல்ல மனுசர் படலையால் போனால் படலையால்தானே திரும்பி வருவார்கள்? கொஞ்ச நேரத்தில் வேலிப் பக்கம் கத்தி போடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், எந்த வேலிக்காக மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தோமோ அதே வேலியின் தென்னோலைக் கிடுகுகளைப் பிரித்து, குறுக்கு வரிச்சுகளை வெட்டிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். வேலியில் ஆள் நுழைகிற வழிக்கு எங்கள் பக்கம் பொட்டு என்று பேர். அதற்குள்ளால் குனிந்து வந்தார். கையில் தணல் பிடித்த தேங்காய்ப் பொச்சு. நேரே என் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார்.

சரியாக அந்த நேரம் ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து சோறும் கறியும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். செத்த வீட்டுக்கு அயலார் சமைத்து அனுப்புவது வழக்கம். அக்கா அதைப் படலையிலேயே மறித்தார். "கோவிக்காதையுங்கோ. இது அடுப்பெரியிற வீடு. அந்த மனிசன் எழும்பி நடக்கிற அண்டைக்குப் பலகாரமாய்க் கொண்டு வாங்கோ, சாப்பிடுறம்."

என் இரண்டு பிள்ளைகளும் காலையிலிருந்து பட்டினி. வந்த சோற்றைத் திருப்பி அனுப்பிய மனுசியை நான் அப்போது மனத்துக்குள் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அடுப்பு எரிந்தது. நானே அரிசி கழுவிப் போட்டேன். பிள்ளைகள் தாய் சமைத்த சோற்றைச் சாப்பிட்டார்கள். அந்தச் சோறு எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் விளங்கிற்று.

இவர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் கிடந்தார். உயிர் பிழைக்க வைத்த வைத்தியர்களையும் தாதிமாரையும் நான் எந்நாளும் கும்பிடுவேன். நான் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பொழுது சாய வருவேன். அதுவரை பிள்ளைகள் பொட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் வெங்காயத் தறையில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறியதும் அக்காதான். நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "உன்ரை வெங்காயம் வாடினால் என்ரை கண்ணுக்குத்தானே வடிவில்லை," என்பார்.

ஆவணியில் பட்டாள லொறி ஒன்றில் கொண்டுவந்து நாலு பேர் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். எலும்புகள் பொருந்திவிட்டன. ஊர் முறிவு வைத்தியரும் தடவிப் பார்த்துவிட்டு, "இனி எழும்பிக் காலை ஊண்ட வேணும். தைக்குள்ளை ஊண்டாட்டில் கால் மடங்காமல் இறுகிப் போம். பிறகு நான் வந்தும் பிரயோசனமில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். எழும்புவதற்கு இவருக்கு மனமில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். ஊட்டினால் சாப்பிட்டார். பிள்ளைகள் வந்து கட்டிலில் ஏறினால்கூட முகம் கொடுக்கவில்லை.

அக்கா நாள் தவறாமல் வந்தார். நொச்சியும் ஆமணக்கிலையும் அவித்து ஒத்தடம் கொடுத்து, வைத்தியர் தந்த எண்ணெயைப் பூசுவார். முடிந்ததும் வாசலில் நின்று, "தம்பி, நான் போட்டு வாறன்," என்பார். இவர் பேச மாட்டார். அக்கா போகவும் மாட்டார். எண்ணெய்ச் சட்டியோடு அப்படியே நிற்பார். முதல் நாள் அவர் நின்ற நிலையைப் பார்க்கப் பொறுக்காமல் நான், "ஓம் அக்கா, போட்டு வாங்கோ," என்றேன்.

"உன்னையே கேட்டனான்?" என்று என்மேல் பாய்ந்தார்.

ஒன்பதாம் நாள் இவர் சுவரைப் பார்த்தபடி, "ஓம்," என்றார்.

"ஓம் எண்டால் மட்டும் காணாது."

"ஓம் அக்கா, போட்டு வாங்கோ." எரிச்சலோடுதான் சொன்னார். ஆறு மாதத்தில் அவர் குரலில் நான் கேட்ட முதல் உயிர் அந்த எரிச்சல். குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

இவர் எழும்ப மறுத்த காரணம் புரட்டாதியில்தான் வெளியே வந்தது. அன்றைக்கு நேசையா பார்க்க வந்திருந்தார். விசாரித்து முடித்துவிட்டார்களாம், எஞ்சினைப் பூட்டியதில் பிழை இல்லையாம், பூட்டியவர்மேல் குற்றமில்லை என்று பெரிய அதிகாரியே எழுதியிருக்கிறாராம். நான் கைகூப்பினேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நேசையா போன பிறகு, ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் திரும்பினார்.

"என்னைத் தேற்ற உப்பிடிச் சொல்லுகினம் அக்கா. நான் முறுக்கின ஏதோ ஒரு நட்டுத்தான் கழண்டிருக்க வேணும். அவன் இருபத்திரண்டு வயசுப் பொடியன். என்னை நம்பித்தானே ஏறினவன்? அவன்ரை தாய்க்கு என்ன மறுமொழி? நான் எழும்பி நடந்து ஆருக்கு என்ன?"

அக்கா எப்போதும் உடனே பதில் சொல்பவர். அன்றைக்கு ஒத்தடத் துணியை முதலில் பிழிந்து காயப்போட்டார். பிறகு சொன்னார்.

"தம்பி, என்ரை துலாவுக்கு நீ நட்டு முறுக்கித் தந்தது நினைவிருக்கே? உவளோடை சண்டை பிடிச்ச நாள் தொடக்கம் நான் ஒவ்வொரு விடியலும் அந்த நட்டை ஆட்டிப் பாத்தனான். கழண்டால் காணும், 'வந்து பாரடி உன்ரை மனிசன்ரை வேலையை' எண்டு வேலிக்கு மேலாலை கத்துவம் எண்டு காத்துக்கொண்டிருந்தனான். மூண்டு வருசம். பொய் சொல்லேல்லை. ஒருக்கால் உலக்கையாலை ஒரு தட்டும் தட்டிப் பாத்தனான். அசையேல்லை. மயிரளவும் அசையேல்லை."

இவர் முழங்கையை ஊன்றித் தலையை நிமிர்த்தினார்.

"துலாவும் ஏறப்பிளேனும் ஒண்டே அக்கா?"

"முறுக்கினது ஒரே கைதானே?"

இவருக்குச் சிரிப்பு வந்தது. உலக்கையால் தட்டினீர்களா, உலக்கையாலா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே விம்மி அழத் தொடங்கினார். அந்தப் பொடியனுக்காக அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். நாங்கள் இரண்டு பேரும் தடுக்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த நட்டை நான் ஒருக்கால் பாக்க வேணும்," என்றார்.

"வந்து பார். தூக்கிக் கொண்டெல்லாம் காட்டேலாது."

அடுத்த நாள் காலையில் அக்கா வேலி நெடுக, இடுப்புயரத்துக்குப் பனஞ்சிலாகைகளைக் கதிகாலோடு கதிகாலாகச் சேர்த்துக் கட்டினார். எங்கள் வாசலுக்கு நேரே நிற்கும் கதிகாலிலிருந்து பொட்டுவரை இருபத்து மூன்று கதிகால். அதைப் பிடித்துக்கொண்டு இவர் நடந்தார். நடந்தார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். முதல் நாள் எழும்பி நின்றதும் மயங்கி விழுந்தார். முதற் கதிகாலைத் தாண்ட ஐந்து நாள். மாரி மழையில் இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நோவில் என்னைத் திட்டினார், வைத்தியரைத் திட்டினார், அக்காவையும் திட்டினார். அக்கா பொட்டுக்கு அந்தப் பக்கம் நெல்லைக் குற்றிக்கொண்டே திருப்பித் திட்டுவார். "திட்டுறதுக்கு மூச்சிருக்கிற மனிசனுக்கு நடக்க மூச்சில்லையே?"

மார்கழி முடிய இருபத்தோராம் கதிகாலில் நின்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பொட்டைக் குனிந்துதான் கடக்க வேண்டும். இவருக்கு இடுப்பு வளையாது. நான் அக்காவிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தார். ஏணி வைத்து ஏறி, வேலியின் மேல் வரிச்சுவரை, ஒரு ஆள் நிமிர்ந்து போகக்கூடியதாக வெட்டித் திறந்துவிட்டார்.

பொங்கலுக்கு முதல் நாள் இவர் அதற்குள்ளால் நிமிர்ந்தபடி அந்தப் பக்கம் போனார். கிணற்றடியில் துலாவைத் தாங்கும் ஆடுகாலைப் பிடித்துக்கொண்டு நின்று, அக்கா துலாவை ஆடாமல் பிடித்துக்கொள்ள, அந்த நட்டில் கையை வைத்தார். விரலால் சுற்றிப் பார்த்தார். முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. கையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, "துருப் பிடிச்சுக் கிடக்கு. மூண்டு வருசமாய் ஒரு சொட்டு எண்ணெய் விடேல்லையே?" என்று கேட்டார்.

"கோவத்திலை இருக்கிறவள் எண்ணெயும் விடுவாளே?" என்றார் அக்கா.

நான் பொட்டில் நின்று அந்த இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். கடவுளே, என் வீட்டை எனக்குத் திருப்பித் தந்தாய் என்று சொன்னேன். கடவுளுக்குச் சொன்னாலும் கண் அக்காவைத்தான் பார்த்தது. அன்று பின்னேரம் அயல் வீட்டார் ஞாபகமாகப் பலகாரத் தட்டோடு வந்தார்கள். அக்கா தட்டை வாங்கி முதல் மோதகத்தைத் தன் வாயில்தான் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு இவர் ஊன்றுபொல்லோடு நடந்தார். றோட்டுக் கரையில் சைக்கிள் திருத்தும் கடை ஒன்று போட்டார். நாங்கள் இரண்டு பெண்களும் சண்டை பிடிக்காமல் இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். கோழிக்கும் முருங்கைக்கொப்புக்கும் நானும் அக்காவும் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. ஆனால் வருடா வருடம் வேலி அடைக்கும்போது அந்தப் பொட்டை மட்டும் ஒருவரும் அடைக்கவில்லை. எல்லை ஒரு சாண் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிறகு நான் அளக்கவும் இல்லை.

1949ஆம் ஆண்டு வைகாசியில் அக்கா மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து போய்விட்டார். நாகேஸ்வரி உடுப்பிட்டியிலிருந்து வந்து கடைசித் தண்ணீர் பருக்கினாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. என் வீட்டில் சமைத்துப் பொட்டால் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்தேன். இந்தத் தரம் மறித்துத் திருப்பி அனுப்ப யாரும் இல்லை.

பாடையைத் தூக்கும் நேரம். சுடலை இரண்டு மைல். இவரால் அவ்வளவு தூரம் போக முடியாது. காலடியில் நின்று கும்பிட்டுவிட்டு, பொல்லை ஊன்றிக்கொண்டு வேலிப் பக்கம் போனார். சனம் வழி விட்டது. பொட்டில் நின்று திரும்பி, அவ்வளவு பேருக்கும் கேட்க, "அக்கா, நான் போட்டு வாறன்!" என்றார்.

ஒப்பாரி நின்றது. தூக்க வந்தவர்கள் கையை எடுத்தார்கள். ஒரு பெரியவர், "தம்பிராசா, என்ன கதை உது? செத்த வீட்டிலை உப்பிடிச் சொல்லுறதே?" என்று அதட்டினார்.

இவர் அவரைப் பார்க்கவே இல்லை. அசையவும் இல்லை. எண்ணெய்ச் சட்டியோடு அக்கா நிற்பது போலவே நின்றார். மறுமொழி வராமல் இந்த மனுசன் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். நாகேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் பெண்கள் நடுவில் தலைமாட்டில் இருந்தேன். "உன்னையே கேட்டனான்?" என்று என்மேல் பாய இனி ஒருவரும் இல்லை. எழும்பினேன்.

"ஓம், போட்டு வாங்கோ," என்றேன்.

இவர் தலையை ஆட்டினார். பிறகு திரும்பி, தலையைக் குனியாமல் பொட்டைக் கடந்து வீட்டுக்குப் போனார். அவர் நிமிர்ந்து போகட்டும் என்றுதானே அந்த மனுசி ஏணி வைத்து அதை உயர வெட்டிவிட்டவர்.